பொன்முடிப் புல்வெளியில் புல்லினங்களை அறியும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவையும் கல்லாற்றையும் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச்செல்லும் சாலை, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியில் முடிகிறது. மலையின் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் பசுமைமாறாக் காடு அடர்ந்து நிற்க, காற்றும் வெயிலும் நேராகத் தாக்கும் முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி விரிந்திருக்கிறது. மூடுபனியைக் காண வருவோருக்கு அந்தப் புல்வெளி ஒரே நிறமுடைய விரிப்பாகவே தென்படும். ஆயினும் தாவரவியலாளர் அதே சரிவில் சில அடி தூரத்துக்குள் ஆறேழு புல்லினங்களைப் பிரித்துக் காட்டுவார். மரங்களை இலையாலும் பூவாலும் இனங்கண்டு பழகிய கண்ணுக்குப் புற்கள் ஒன்றுபோலவே தோன்றுவதற்குக் காரணம், அவற்றின் அடையாளம் மிகச் சிறிய உறுப்புகளில் இருப்பதுதான். எங்கே பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் இந்தக் கலை கைவரக் கூடியதே. அதைக் கற்பதன் பயனும் பெரிது; ஒரு மலைச்சரிவு பழமையான இயற்கைப் புல்வெளியா, சிதைந்துபோன நிலமா என்பதற்கு முதல் சாட்சியம் சொல்பவை அங்குள்ள புல்லினங்களே.

பொன்முடி, அகத்தியமலைத் தொகுதியின் ஒரு பகுதி. தமிழர் பொதிகை என்றும் கேரள மக்கள் அகஸ்தியர்கூடம் என்றும் அழைக்கும் 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்தைச் சுற்றி, கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களும் தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் அமைந்துள்ளன. இந்த நிலப்பரப்பு 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. போனக்காட்டிலிருந்து அகஸ்தியர்கூடத்துக்கு நடப்போர் அதிருமலையை அடையும் முன் புல்மேடுகளைக் கடந்தே செல்ல வேண்டும். நீலகிரி, பழனி மலைகளில் புல்வெளிகள் 2,000 மீட்டருக்கு மேலுள்ள பீடபூமிகளில் பரந்திருக்க, இங்கே அவை அதைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே குளிர்மலைப் புற்களும் வெப்பச் சரிவுப் புற்களும் அருகருகே வளர்வதை இங்கே காணலாம். சில சரிவுகளில் குள்ள ஈச்சையும் நெல்லியும் கடுக்காயும் வேங்கையும் இடையிடையே நிற்கும். மற்றச் சில சரிவுகளில் புல்லைத் தவிர உயரமான தாவரம் எதுவும் இராது.

புல்லும் கோரையும்

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, கையில் உள்ளது புல்தானா என்பது. ஈரமான பள்ளங்களில் புல்லைப்போலவே தோன்றும் கோரைகள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். கணுக்கள் திரண்டு தெரியும். பல இனங்களில் இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி உள்ளீடற்றிருக்கும். கோரையின் பூந்தண்டோ பெரும்பாலும் முப்பட்டையாக, உள்ளே திண்மையாக, கணு தெரியாமல் நீண்டிருக்கும். விரல்களுக்கிடையே உருட்டினாலே வேறுபாடு புலப்படும். புல்லின் இலைகள் தண்டின் இரு பக்கங்களிலும் இரண்டு வரிசையாக அமைய, கோரையின் இலைகள் மூன்று வரிசையாக அமைகின்றன. இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றிக் குழல்போல் மூடியிருக்கும். இதற்கு இலையுறை என்று பெயர். இந்த உறை புற்களில் ஒரு பக்கம் பிளந்திருப்பது வழக்கம். கோரைகளில் அது மூடிய குழாயாகவே இருக்கும்.

தாவரங்களைப் புறத்தோற்றத்தின் பெருமையால் பிரிக்காமல் உடலமைப்பால் பிரிக்கும் எண்ணம் தமிழுக்குப் புதியதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுத்தது. அதன்படி தென்னையும் பனையும்கூடப் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியல் அவற்றைத் தனிக் குடும்பத்தில் சேர்த்தாலும், மூங்கில் புல்தான் என்பதை முழுமையாக ஏற்கிறது. அகத்தியமலையின் ஆற்றோரங்களை அடைத்து வளரும் ஈற்றை என்னும் மெல்லிய மூங்கிலின் அறிவியல் பெயர் ஆக்லேண்ட்ரா திராவன்கோரிகா. திருவிதாங்கூரின் பெயரைத் தாங்கிய இதுவும் புல்லே. பெரும்பாலான புற்களின் பூவில் மூன்று மகரந்தத்தாள்களும் நெல்லின் பூவில் ஆறும் இருக்க, ஈற்றையின் பூவில் அவை பல பத்துக் கணக்கில் இருக்கும்.

சிறுகதிர் என்னும் அலகு

புற்கள் காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவதால் அவற்றின் பூக்களுக்கு வண்ண இதழ்கள் தேவைப்படவில்லை. இதழ்களுக்கு மாறாகச் செதில்கள் உள்ளன. அச்செதில்களின் அடுக்குதான் புல்லின் அடையாள அட்டை. தமிழ்நாட்டாருக்கு மிகவும் பழக்கமான புல்லான நெல்லைக் கொண்டு இதை விளக்கலாம். ஒரு நெல்மணியின் உமியைப் பிரித்தால் அது ஒன்றையொன்று கவ்விய இரண்டு செதில்களாகப் பிரியும்; பெரியதற்கு லெம்மா என்றும் சிறியதற்கு பாலியா என்றும் பெயர். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பூவை மூடுகின்றன. இத்தகைய பூக்கள் ஒன்றோ பலவோ சேர்ந்த தொகுதியின் அடியில், பூவில்லாத இரண்டு வெற்றுச் செதில்கள் இருக்கும். அவை குளூம் எனப்படும். குளூம்களும் அவற்றுக்கு மேலுள்ள பூக்களும் சேர்ந்த அலகே சிறுகதிர். லெம்மாவின் நுனியிலோ முதுகிலோ நீண்டு வளரும் மயிர்போன்ற கூர்முனையை, நெல்லில் சொல்வதுபோலவே, மீசை என்று சொல்லலாம்.

களத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த அலகைச் சுற்றியே எழுகின்றன. சிறுகதிரில் ஒரு பூ உள்ளதா, பல பூக்கள் உள்ளனவா? சிறுகதிர் தனித்து நிற்கிறதா, இணையாக நிற்கிறதா? முற்றியதும் அது முழுமையாக உதிர்கிறதா, குளூம்கள் செடியிலேயே தங்கிப் பூப்பகுதி மட்டும் உதிர்கிறதா? மீசை உண்டா, உண்டென்றால் நேரானதா, முறுக்கியதா? உலகிலுள்ள சுமார் 12,000 புல்லினங்களை இக்கேள்விகள் விரைவாகச் சில பெருங்குழுக்களுக்குள் அடக்கிவிடுகின்றன. இனப்பெயரைத் தேடும் முன் குழுவை அறிவதே துறையினர் கையாளும் வழி.

தென்னிந்தியச் சரிவுகளில் மூன்று குழுக்கள் அடிக்கடி எதிர்ப்படும். முதலாவது ஆண்ட்ரோபோகோனி எனப்படும் கரும்பின் குழு. இதில் சிறுகதிர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைகின்றன. இணையில் ஒன்று காம்பின்றிக் கதிரோடு ஒட்டி அமர்ந்து விதை தரும். மற்றொன்று காம்பின்மீது நின்று ஆணாகவோ மலடாகவோ இருக்கும். கரும்பு, சோளம், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் ஆகிய அனைத்தும் இக்குழுவினவே. வட அமெரிக்காவின் பிரெய்ரி எனப்படும் நெடும்புல் சமவெளிகளில் ஆளுயரம் வளரும் ஆண்ட்ரோபோகன் ஜெரார்டியும் இதே குழுவைச் சேர்ந்தது. இரண்டாவது, தினை, சாமை போன்ற சிறுதானியங்களின் குழுவான பானிசி. இதில் சிறுகதிருக்கு இரண்டு பூக்கள் உண்டு, கீழ்ப்பூ விதை தராது, மேற்பூ கெட்டியான ஓட்டுக்குள் விதை தரும், முற்றியதும் சிறுகதிர் முழுமையாக உதிரும். மூன்றாவது, அருகம்புல்லின் குழு. இதில் கதிர்கள் தண்டின் நுனியில் விரல்கள்போல் விரிந்து, சிறுகதிர்கள் அவ்விரலின் ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும்.

மூன்றாம் குழுவைக் கற்க மலையேற வேண்டியதில்லை. எந்தத் திடலின் ஓரத்திலும் அதன் உறுப்பினர்களைக் காணலாம். விரல்கள் மெலிந்து, ஒரே புள்ளியிலிருந்து பிரிந்து, சிறுகதிருக்கு ஒரே பூ இருந்தால் அது அருகம்புல். தண்டு தட்டையாக, விரல்கள் தடித்து, சிறுகதிருக்குப் பல பூக்கள் இருந்தால் அது கேழ்வரகின் இனத்தைச் சேர்ந்த எலூசின் இண்டிகா. விரலின் நுனியில் சிறுகதிர் இல்லாத ஒரு சிறு கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது காக்காய்க்கால் புல்.

சரிவில் காணும் இனங்கள்

பொன்முடியை ஒத்த சரிவுகளில் ஆட்சி செலுத்துவது ஆண்ட்ரோபோகோனி குழுவே. அவற்றில் அறிவதற்கு மிக எளியது எலுமிச்சைப்புல்லான சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ். இலையைக் கசக்கி முகர்ந்தால் சிட்ரால் என்னும் வேதிப்பொருளின் மணம் எழும். மணத்தை நம்பாதவர் கதிரைப் பார்க்கலாம். படகு வடிவ மடல் ஒன்றின் கக்கத்திலிருந்து இரண்டு குறுங்கதிர்கள் இணையாகக் கிளம்பும், அத்தகைய இணைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து தொங்கும் பூங்கொத்தாகும். கொச்சித் துறைமுகத்தின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்ட எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு மூலம் இதுவே. இதன் ஆய்வுக்காக எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் தொடங்கப்பட்ட நிலையம் இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

அடுத்தது தெமெடா. செம்பழுப்பு நிறக் கதிர்க்கொத்துகள் மடல்களோடு தலைசாய்த்து நிற்பதால் தொலைவிலிருந்தே இதன் திட்டுகள் தெரியும். கொத்து ஒன்றைப் பிரித்தால் நடுவிலுள்ள விதை தரும் சிறுகதிரைச் சுற்றி, அடியில் நான்கு ஆண் சிறுகதிர்கள் வேலிபோல் வட்டமாக நிற்பதைக் காணலாம். இந்த நான்கின் வட்டம் இருந்தால் அது தெமெடா என்பதில் ஐயம் வேண்டியதில்லை. இதன் ஓர் இனமான தெமெடா ட்ரையாண்ட்ரா ஆப்பிரிக்கச் சவன்னாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்க, ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளரும் தெமெடா சிம்பாரியா தென்னிந்திய, இலங்கை மலைகளுக்கு உரியது.

ஊசிப்புல் என வழங்கும் ஹெட்டிரோபோகன் கண்டார்ட்டஸ் வறண்ட, பாறை கலந்த சரிவுகளை விரும்பும். இதன் கதிரில் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பும் கருநிற மீசைகள் முற்றும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே சடையாகிவிடும். மீசை ஒன்றைத் தனியே எடுத்து நாவால் ஈரப்படுத்தி உள்ளங்கையில் வைத்தால் சற்று நேரத்தில் அது தானாகவே சுழலத் தொடங்கும். மீசையின் கீழ்ப்பகுதி திருகுபோல் முறுக்கியிருக்கிறது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்கிறது, காய்ந்தால் மீண்டும் முறுக்கேறுகிறது. இரவின் பனியும் பகலின் வெயிலும் மாறிமாறி வருகையில் இச்சுழற்சி விதையை மண்ணுக்குள் துளையிட்டு இறக்குகிறது. விதையின் அடிமுனை ஊசிபோல் கூர்மையாகவும் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்களுடனும் இருப்பதால் உள்ளே சென்றது வெளியே வாராது. புல்வெளியில் தீ படரும்போது மண்ணுக்குள் புதைந்த இவ்விதைகள் தப்புகின்றன. இதே அமைப்புத்தான் ஆட்டின் உரோமத்தில் ஏறித் தோலைக் குத்துவதால், கதிர் விட்ட பிறகு இப்புல்லில் ஆடுகளை மேய்ப்பதில் தொல்லை உண்டு.

கிரைசோபோகன் பேரினத்தில் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாகக் கிளைகள் விரிந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மூன்று சிறுகதிர்கள் நிற்கும். நடுவிலுள்ளது காம்பற்றது, பக்கத்திலுள்ள இரண்டும் காம்புடையவை, மூன்றின் அடியிலும் பொன்னிறத் தாடி இருக்கும். உடையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் ஒட்டுப்புல்லும், வேருக்காக வளர்க்கப்படும் வெட்டிவேரும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. அருண்டினெல்லாவில் சிறுகதிர்கள் இணையாகவே இருந்தாலும் இரண்டுக்கும் காம்பு உண்டு, இரண்டும் தோற்றத்தில் ஒத்திருக்கும். இந்த ஒரு குறிப்பால் அதை மற்றவற்றிலிருந்து பிரிக்கலாம். இம்பெரேட்டா சிலிண்டிரிக்கா என்னும் தர்ப்பை, மீசையற்ற சிறுகதிர்களை வெண்பட்டு மயிர்களுக்குள் மறைத்து, வெண்ணிறக் குஞ்சம்போல் நிமிர்ந்து நிற்கும். அடிக்கடி எரிந்த இடங்களில் அது நிலத்தடித் தண்டுகளால் விரைவாகப் பரவுகிறது.

ஈரம் கசியும் பாறை விளிம்புகளில் காணப்படும் இஸ்கீமம் பேரினம் கண்ணை ஏமாற்ற வல்லது. ஒரே கதிராகத் தோன்றுவதை விரலால் மெல்லத் தள்ளினால் அது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கதிர்களாகப் பிரியும். இப்பேரினத்தின் பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான இஸ்கீமம் அகஸ்தியமலையானம் இந்த மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது.

பூவில்லாத காலத்தில்

கதிர் இல்லாத புல்லை இனங்காண்பது கடினம், ஆயினும் இயலாததன்று. இலையுறையும் இலைத்தாளும் சேரும் மூட்டில், உட்புறமாக ஒரு சிறு சவ்வோ மயிர்வரிசையோ இருக்கும். இதற்கு லிக்யூல் அல்லது இலைநாக்கு என்று பெயர். இலையைத் தண்டிலிருந்து மெல்லப் பின்னுக்கு வளைத்தால் இது தெரியும். எலுமிச்சைப்புல்லில் இது உலர்ந்த சவ்வாகவும், அருகம்புல்லில் நுண்மயிர் வரிசையாகவும் இருக்கும். நெல் வயலில் களையெடுப்போருக்கு இந்த உறுப்பின் பயன் நன்கு தெரியும். நெல் நாற்றில் நீண்ட இலைநாக்கு உண்டு, நெல்லைப்போலவே தோன்றும் குதிரைவாலி இனக் களையில் அது அறவே இல்லை. இவற்றோடு, கணுவில் மயிர் உள்ளதா, இலையின் விளிம்பு அறுக்கிறதா, அடித்தூர் தட்டையா உருண்டையா, செடி குத்தாக வளர்கிறதா கொடிபோல் ஓடுகிறதா என்பனவும் குறித்துக்கொள்ளத் தக்கவை.

புல்லின் வளர்முனை நிலமட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இலையுறைகளுக்குள் பொதிந்திருப்பதால், மேய்ச்சலும் தீயும் மேலுள்ளதை அழித்தாலும் அடியிலிருந்து புல் தழைக்கிறது. இக்காரணத்தால் எரிந்த சரிவில் புதிதாகத் துளிர்க்கும் குருத்து, முதிர்ந்த செடியின் நிறத்தையும் உயரத்தையும் காட்டாது. நிறம், உயரம் ஆகியவற்றை மட்டும் நம்பி இனம் கூறுவது பிழைக்கு வழிவகுக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

வந்தேறிப் புற்கள்

மலைக்கு ஏறும் சாலையின் இரு ஓரங்களும் உள்நாட்டுப் புற்களுக்கு உரியவையாக இப்போது இல்லை. தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இனமான கினியாப்புல் ஆளுயரம் வளர்ந்து, மேலே பரந்து விரிந்த கிளைக்கதிரில் மீசையற்ற சிறுகதிர்களைத் தாங்கி நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மற்றொன்றான பென்னிசெட்டம் பாலிஸ்டாகியான், நரிவால்போன்ற மஞ்சள் கலந்த ஊதாக் கதிரால் அறியப்படும்; அதன் ஒவ்வொரு சிறுகதிரையும் மென்மயிர் முட்களின் வட்டம் சூழ்ந்திருக்கும். நிழலான பாதைகளில் தரையை மூடும் அகன்ற இலைப் புல்லான ஆக்ஸோனோபஸ் கம்ப்ரெசஸும், தண்டின் நுனியில் இரண்டு கதிர்களை எதிரெதிரே நீட்டும் பாஸ்பாலம் கான்ஜுகேட்டமும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை.

இவற்றை அறிவது உள்நாட்டினங்களை அறிவதற்கு இணையான தேவை. பென்னிசெட்டம் கோடையில் பெருமளவு உலர்ந்த தாளைச் சேர்த்து வைப்பதால் தீயின் வேகம் கூடுகிறது. தீக்குப் பின் அதுவே முந்திக்கொண்டு முளைக்கிறது. சாலையோரத்தில் தொடங்கும் அதன் பரவல் சரிவின் உட்பகுதியை எட்டிவிட்டதா என்று கண்காணிக்க, அதைத் தெமெடாவிலிருந்து பிரித்தறியத் தெரிந்தவர்கள் வேண்டும்.

காலமும் கருவியும் நூல்களும்

திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. இஸ்கீமம் போன்ற ஈரநிலப் புற்கள் முதல் மழை ஓயும்போதே கதிர்விடத் தொடங்க, தெமெடாவும் எலுமிச்சைப்புல்லும் அக்டோபருக்குப் பின்னரே முழுமையாகக் கதிர்விடுகின்றன. அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான காலம் இதனால் மிக ஏற்றது. பிப்ரவரிக்குப் பின் கதிர்கள் உதிர்ந்துவிடும், காட்டுத்தீயின் அச்சமும் தொடங்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு குண்டூசி, அளவுகோல், குறிப்பேடு ஆகியவையே போதுமான கருவிகள். சிறுகதிரை வெண்தாளின்மீது வைத்து, குண்டூசியால் அடியிலிருந்து ஒவ்வொரு செதிலாகப் பிரித்து வரிசையாக அடுக்கினால், குளூம் எது, லெம்மா எது, மீசை எதிலிருந்து கிளம்புகிறது என்பது தெளிவாகும். பாதுகாக்கப்பட்ட காடுகளில் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம். அனுமதி பெற்றவர்கள் வேரோடு ஒரு தூரை எடுத்து, நீண்ட தண்டை இரண்டு மூன்றாக மடித்து, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துகின்றனர். வேரில்லாத மாதிரியில் செடி ஓராண்டினதா பல்லாண்டினதா என்பதே தெரியாமல் போய்விடும்.

ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க உலர்தாவரத் தொகுப்புகள் உதவுகின்றன. பொன்முடிச் சாலைக்கு அருகே பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்ட ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்திலும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பிலுள்ள மதராஸ் ஹெர்பேரியத்திலும் இத்தொகுப்புகள் உள்ளன. நூல் வழியில் பார்த்தால், திருவிதாங்கூர் வனத்துறையில் உயர் பதவி வகித்த எம். ராமராவ் 1914-இல் திருவிதாங்கூரின் பூக்கும் தாவரங்களைப் பட்டியலிட்டார். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ரங்காச்சாரியார் 1921-இல் தென்னிந்தியப் புற்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். நீலகிரியில் மட்டுமே வளர்வதும், தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயப் பயன்படுத்துவதுமான எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்னும் புல்லில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. என். எல். போர் 1960-இல் வெளியிட்ட இந்திய, பர்மிய, இலங்கைப் புற்களுக்கான பெருநூலும், ஸ்ரீகுமாரும் வி. ஜே. நாயரும் 1991-இல் வெளியிட்ட கேரளப் புற்களுக்கான தொகுதியும் இன்றும் துறையினரின் மேசையில் இருப்பவை.

அறிவதால் விளையும் பயன்

மலைப்புல்வெளிகளின் தோற்றம் பற்றிய விவாதம் பழையது. 1938-இல் சி. ஆர். ரங்கநாதன் நீலகிரிப் புல்வெளி உறைபனி முதலிய இயற்கைக் காரணங்களால் நிலைபெற்றது என்று வாதிட, போர் அதே ஆண்டில் அதற்கு மாறாகத் தீயையும் மனிதரையும் காரணம் காட்டினார். 1993-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விவாதத்துக்குப் புதிய சான்றளித்தது. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை கரியமில வாயுவை மரங்களைவிட வேறான ஒரு வேதிவழியில் பிடித்துச் சேர்ப்பதால், அவற்றின் மக்கிய எச்சத்தில் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதமும் வேறுபடுகிறது. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்பு மக்கில் அவ்விகிதத்தை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக அங்கே தட்பவெப்பத்துக்கேற்பப் புல்வெளியும் காடும் மாறிமாறி ஏறியிறங்கியதைக் காட்டினர். காட்டை அழித்ததால் மட்டுமே புல்வெளி உண்டாயிற்று என்ற முடிவுக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று.

ஆயினும் அந்தப் பழைய முடிவின் விளைவுகள் நிலத்தில் தங்கிவிட்டன. மரமில்லாத மலை வீணாகக் கிடக்கும் மலை என்ற எண்ணத்தால் வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் புல்வெளிகளில் நடப்பட்டன. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு, தோட்டமரங்களாலும் விவசாயத்தாலும் மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. கேரள அரசு 2021-இல் ஏற்ற சூழல் மீட்புக் கொள்கை, அயல்நாட்டு ஒற்றை மரத்தோட்டங்களைப் படிப்படியாக நீக்கி இயற்கைத் தாவரங்களை மீட்கும் திசையில் அமைந்தது. அயல்மரத்தை வெட்டிய இடத்தில் புல்வெளி தானாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மண்ணில் தங்கிய வாட்டில் விதைகளும் சாலையோர வந்தேறிப் புற்களும் முந்திக்கொள்கின்றன. உள்ளூர்ப் புல்லின் விதையையோ தூரையோ திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டியிருக்கிறது. திரட்டுபவருக்குக் கதிரில்லாத இளஞ்செடியிலேயே அருண்டினெல்லாவையும் பென்னிசெட்டத்தையும் பிரிக்கத் தெரியாவிட்டால், மீட்புப் பணியே வந்தேறியைப் பரப்பும் பணியாகிவிடும்.

இந்த அறிவு ஒரு மலையோடு நின்றுவிடுவதுமில்லை. பொன்முடியில் கிரைசோபோகனையும் அருண்டினெல்லாவையும் கற்றவர் எரவிகுளத்துக்கோ முக்கூர்த்திக்கோ போனாலும், இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில் பத்தனை எனப்படும் புல்நிலத்தில் நின்றாலும் அதே பேரினங்களை அடையாளம் காண்பார். மரம் நடும் திட்டத்துக்காக ஒரு திறந்த சரிவு தேர்ந்தெடுக்கப்படும்போது, குழி தோண்டும் முன் அங்குள்ள புற்களின் பட்டியலைத் தயாரிப்பது ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலை. அப்பட்டியலில் தெமெடா, இஸ்கீமம், அருண்டினெல்லா போன்றவை கலந்து பல்லினமாக இருந்தால் அது காக்கப்பட வேண்டிய புல்வெளி, அங்கே குழி தோண்டுவதற்கு நியாயம் இல்லை. கினியாப்புல்லும் பென்னிசெட்டமும் மட்டுமே மிஞ்சியிருந்தால் அது மீட்கப்பட வேண்டிய நிலம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல, பத்து மடங்கு கண்ணாடியும் சிறுகதிரைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையும் உடைய ஒருவர் அந்தத் திட்டக் குழுவில் இருந்தாக வேண்டும்.